முட்டுக்கட்டை போடுகிறவரின் மகனும் மிரோஸ்லாவ் க்ளோஸேயும்

2002 ஜூன் 1, சனிக்கிழமை. அன்று மாலை ஐந்து மணிக்கு நான் பட்டறையில் ஒரு வாசல் கதவை இழைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் கொண்டுவந்து மாட்டிவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் இழைப்புளியை அப்படியே போட்டுவிட்டு, பாமணி ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஆற்றில் மணல்தான் கிடந்தது. மேட்டூரில் தண்ணீர் இல்லை, 12-ஆம் தேதி அணை திறக்கமாட்டார்கள் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. அப்படியேதான் ஆயிற்று, அந்த வருடம் குறுவை போயிற்று. குறுவை இல்லையென்றால் எங்கள் பக்கத்தில் வீடு கட்டுகிறவர் இல்லை. வீடு கட்டுகிறவர் இல்லையென்றால் தச்சனுக்கு வேலை இல்லை. கையில் இருந்த ஒரே வேலையையும் விட்டுவிட்டு ஜப்பானில் நடக்கும் உலகக் கோப்பைக் கால்பந்தைப் பார்க்கப் போனவனை அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சப்போரோ நகரில் ஜெர்மனிக்கும் சவூதி அரேபியாவுக்கும் ஆட்டம். ஜெர்மனி எட்டு கோல் அடித்தது. அதில் மூன்று, அதுவரை நான் பெயரே கேட்டிராத ஒருவர் அடித்தவை. மூன்றும் தலையால். மிரோஸ்லாவ் க்ளோஸே என்று பின்னால்தான் உச்சரிக்கக் கற்றுக்கொண்டேன். டீக்கடையில் எங்கள் எல்லாருக்கும் அவர் ‘குளோஸ்’தான், ஆட்டத்தை முடித்துவைக்கிறவர் என்ற பொருளும் அதில் தானாக ஏறிக்கொண்டது.

என்னைத் தேடிக்கொண்டு அப்பா வந்தபோது இரண்டாவது பாதி நடந்துகொண்டிருந்தது. திட்டுவதற்காக வாயைத் திறந்தவர், அந்த மூன்றாவது கோல் விழுந்ததைப் பார்த்து நின்றுவிட்டார். திரும்பவும் காட்டினார்கள். அதையும் நின்றபடியே பார்த்தார். கால்பந்து பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சொன்னார்: “இந்த ஆள் பந்தைத் துரத்தவே இல்லையே. பந்து வந்து சேருகிற இடத்துக்கு அல்லவா போகிறான். கட்டை போடத் தெரிந்தவன்.”

அதற்குப் பிறகு கதவைப் பற்றி நினைவு வந்து திட்டினார். அது வேறு.

கட்டை என்று அவர் சொன்னது முட்டுக்கட்டையை. பேச்சில் முட்டுக்கட்டை என்றால் தடை என்று பொருள். தேரடியில் அப்படி இல்லை. தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் முட்டுக்கட்டைதான். ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கிய கனத்த கட்டை. உருண்டு வரும் சக்கரத்துக்கு முன்னால், சரியான கோணத்தில் அதைக் கொடுக்க வேண்டும். முன்கூட்டியே போட்டால் சக்கரம் அதைத் தள்ளிக்கொண்டே போகும், பிந்தினால் கை போகும். எங்கள் ஊர்த் தேருக்கு அப்பா இருபது வருடத்துக்கு மேல் கட்டை போட்டார். பத்து விரலும் கடைசிவரை முழுதாக இருந்தன. அவரிடம் ஒரு விதி உண்டு: சக்கரத்தைப் பார்க்காதே. வடம் பிடிக்கிறவர்களின் சத்தத்தைக் கேள், தெரு எந்தப் பக்கம் சரிகிறது என்று பார், சக்கரம் எங்கே வரும் என்பது தானாகத் தெரியும்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அந்த விதிதான். நான் பதினேழு வருடம் ஸ்ட்ரைக்கராக, அதாவது முன்னால் நின்று கோல் அடிக்கிற ஆளாக, ஆடினேன், மாவட்டத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாத அளவில். இப்போது எங்கள் ஊர்த் திடலில் மாலைதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். எனக்குப் பயிற்சியாளர் என்று யாரும் இருந்ததில்லை. அப்பாவின் விதியும் க்ளோஸேயின் ஆட்டமும்தான் இருந்தன. க்ளோஸேயும் நானும் ஒரே வருடம் பிறந்தவர்கள், 1978. அது மட்டுமில்லை. சில நாள் கழித்து நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் நாலு வரிச் செய்தி வந்தது: அவர் தச்சு வேலை கற்றவராம். கூரைச் சட்டம், உத்திரம் போடுகிற மரவேலை. அந்தத் துண்டை வெட்டிப் பட்டறையில் ஒட்டினேன். கரையான் அரிக்கும்வரை இருந்தது.

க்ளோஸே பிறந்தது போலந்தில், ஓபோலே என்ற ஊரில். அப்பா தொழில்முறைக் கால்பந்து வீரர், பிரான்ஸில் ஒசேர் அணிக்கு ஆடியவர். அம்மா போலந்து தேசிய ஹேண்ட்பால் அணியின் கோல்கீப்பர்; பந்தைக் கையால் எறிந்து கோல் போடுகிற ஆட்டம் அது. இப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவனுக்கு வழி தானாகத் திறந்திருக்கும் என்றுதான் நினைப்போம். திறக்கவில்லை. எட்டு வயதில் குடும்பத்தோடு ஜெர்மனிக்கு வந்தபோது அவருக்கு அந்த ஊர் மொழி கிட்டத்தட்டத் தெரியாது. இருபது வயதுவரை ப்ளாவ்பாக்–டீடெல்கோப்ஃப் என்ற கிராமத்து அணியில், ஏழாம் நிலை லீகில் ஆடிக்கொண்டிருந்தார். ஏழாம் நிலை என்றால் ஏறக்குறைய நம்முடைய ஊர்ப் போட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஹோம்பர்க், அங்கிருந்து கைசர்ஸ்லாட்டர்ன். 2001 மார்ச்சில் அல்பேனியாவுக்கு எதிராக ஜெர்மனி அணிக்கு முதல் முறையாகக் களமிறங்கி, கடைசி நிமிடங்களில் வெற்றி கோலை அடித்தார். தலையால்தான். கிராமத்து அணியை விட்டு மூன்று வருடம்கூட ஆகவில்லை.

எனக்குப் பத்தொன்பது வயதில் கால்பந்து அணிக்கு ஆள் எடுக்கிற ஒரு தேர்வு நடந்தது. காலையில் ஐந்து மணி பஸ்ஸில் போய், பகல் இரண்டு மணிவரை வெயிலில் நின்றேன். தேர்வாளர் என்னை ஓடக்கூட விடவில்லை. “உயரம் போதாது, வயதும் ஏறிவிட்டது” என்றார். வயது ஏறிவிட்டதாம், பத்தொன்பதில். நான் தேசிய அணிக்குப் போயிருப்பேன் என்றெல்லாம் சொல்லவில்லை; போயிருக்க மாட்டேன், என் இடது கால் வெறும் ஊன்றுகோல். ஆனால் இன்று பதினேழு வயதில் முதல்முறையாகத் திடலுக்கு வருகிற பையனிடம் ‘பிந்தி வந்துவிட்டாய்’ என்ற சொல் என் வாயிலிருந்து வராது. எட்டு வயதிலிருந்து ஆடுகிற பிள்ளைகளைவிட, கையில் ஒரு தொழிலும் காலில் பந்துமாக வருகிறவன் பயமில்லாமல் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். தோற்றால் திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம் என்ற தெம்பு அவனிடம் இருக்கும்.

இப்போது திடலுக்கு வருவோம்.

ஸ்ட்ரைக்கராக வேண்டும் என்று வருகிற பிள்ளை முதலில் செய்ய விரும்புவது கோலைக் கிழிக்கிற மாதிரி ஓங்கி உதைப்பது. முதல் ஒரு மாதம் நான் அதை விடுவதில்லை. நான்கு சவுக்கு முளைகளை அடித்துவைத்திருக்கிறேன். கிட்டக் கம்பத்துக்கு முன்னால் ஒன்று, எட்டக் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒன்று, கோல்கீப்பர் நிற்கும் இடத்துக்கு ஆறு முழம் முன்னால் ஒன்று, பெனால்டிப் புள்ளியில் ஒன்று. ஓரத்தில் நின்று நான் பந்தைக் கையால் வீசுவேன். காலால் உதைத்தால் பத்தில் இரண்டுதான் சரியாக வரும், பிள்ளைகள் அலுத்துப்போவார்கள். என் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து, பந்து கையை விட்டுக் கிளம்பும்போதே எந்த முளை என்று முடிவு செய்து அங்கே போய்ச் சேர வேண்டும். உதைக்கவே வேண்டாம், காலால் தொட்டால் போதும்.

எல்லாரும் செய்கிற தவறு முன்கூட்டியே போய் நிற்பது. போய் நின்றால் தடுப்பாட்டக்காரன் முதுகில் ஒட்டிக்கொள்வான். பந்தும் நீயும் ஒரே நேரத்தில் அந்த முளையைத் தொட வேண்டும். அதற்கு, கிளம்புவதற்கு முன் எதிர்ப்பக்கமாக இரண்டு அடி விலக வேண்டும். தடுக்கிறவன் பந்தைப் பார்ப்பான், அல்லது உன்னைப் பார்ப்பான். இரண்டையும் ஒரே சமயத்தில் பார்க்க முடியாதபடி அவன் தோளுக்குப் பின்னால் நின்று கிளம்பு. அவன் தலையைத் திருப்புகிற அந்த ஒரு கணம்தான் உனக்குச் சொந்தம். க்ளோஸேயின் பழைய ஆட்டங்களைப் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டும்போது பந்து இருக்கும் பக்கத்தைக் கையால் மறைத்துவிடுவேன். அவரை மட்டும் பார்க்க வேண்டும். பத்து முறை ஓடுகிறார், ஒன்பது முறை பந்து வரவில்லை. முகம் சுளிப்பதில்லை, கையை விரிப்பதில்லை, திரும்பி நடந்து வந்து மறுபடியும் ஓடுகிறார். எனக்கு ஆட்டத்தில் மிகவும் பிடித்த காட்சி அந்த ஒன்பது வீண் ஓட்டங்கள்தான். கோல்களைப் பார்க்க எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் திடலில் ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள். பதினைந்து வயது, நல்ல உயரம். உயரத்தைப் பார்த்து ஆரம்பத்தில் தடுப்பாட்டத்தில் நிறுத்தியது என் பிழை. அவள் உதை பலமில்லை. பதினெட்டு அடியைத் தாண்டினால் பந்து மூச்சுவாங்கும். ஆனால் முளை விளையாட்டில் அவளை யாராலும் முந்த முடியவில்லை. கேட்டபோது சொன்னாள், “அண்ணா, வாய்க்கால் தாண்டுகிற மாதிரிதான். மிதிக்கிற இடத்தை முதலில் பார்த்துவிட்டால் கால் தானாகப் போகும்.” மறுவாரமே முன்கள இடத்துக்கு மாற்றினேன். அந்த வருடம் அவள் அடித்த கோல்கள் எல்லாமே கம்பத்திலிருந்து எட்டு அடிக்குள்.

தலையால் ஆடுவது பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டும். 2002 உலகக் கோப்பையில் க்ளோஸே அடித்த ஐந்து கோல்களும் தலையால் அடித்தவை. அதைப் பார்த்து நானும் என் தோழர்களும் செங்கல் மாதிரி இருந்த பழைய பந்தை மாலை முழுக்க முட்டிக்கொண்டிருந்தோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தையல் பந்து தண்ணீர் குடித்து இரண்டு மடங்கு கனக்கும், அதையும் முட்டினோம். ராத்திரி தலை விண்ணென்று தெறிக்கும், தைலம் தேய்த்துக்கொண்டு படுப்போம். முட்டாள்தனம். அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015-இலேயே பத்து வயதுவரையிலான பிள்ளைகள் தலையால் முட்டக்கூடாது என்று விதி கொண்டுவந்துவிட்டது. நான் பன்னிரண்டு வயதுவரை விடுவதில்லை. அதற்குப் பிறகும் முதலில் பலூன், அடுத்து ஸ்பாஞ்ச் பந்து, கடைசியில்தான் தோல் பந்து. ஒரு மாலைக்கு ஏழெட்டு முறைக்கு மேல் கிடையாது. மழையில் நனைந்த பந்தென்றால் அன்றைக்கு ஒன்றுகூடக் கிடையாது.

முட்டுவதற்கும் முறை உண்டு. உச்சந்தலையில் வாங்கினால் வலிக்கும், பந்தும் எங்கோ போகும். மயிர் தொடங்கும் இடத்துக்குக் கீழே, நெற்றியின் தட்டையான பகுதி. கண்ணை மூடக்கூடாது, வாயை மூட வேண்டும். நாக்கைக் கடித்துக்கொண்ட பையனைக் கூட்டிக்கொண்டு மன்னார்குடிக்கு ஓடியவன் சொல்கிறேன். கழுத்து விறைப்பாக இருக்க, இடுப்பிலிருந்து உடம்பு முழுவதும் சேர்ந்து வர வேண்டும். சுத்தியலை மணிக்கட்டால் அடிக்கிறவனுக்கும் தோளிலிருந்து அடிக்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம்தான். க்ளோஸே ஏறக்குறைய ஆறடி. ஐரோப்பியத் தடுப்பாட்டக்காரர்கள் நடுவில் அது பெரிய உயரமில்லை. ஓடிவந்து ஒற்றைக்காலில் எம்பி, மற்றவர்கள் கீழே இறங்கும்போது இவர் இன்னும் மேலே இருப்பார். அந்த எம்பலுக்கு நான் கொடுக்கிற பயிற்சி களத்து மேட்டில் ஒற்றைக்காலில் தாவி ஏறுவது, அவ்வளவுதான்.

களத்து மேடு என்றதும் தரை பற்றிய ஞாபகம் வருகிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள், “இவ்வளவு வயல் கிடக்கிறதே, மைதானத்துக்கா பஞ்சம்?” என்று கேட்பார்கள். சம்பா அறுவடைக்கு முன்பே தாளுக்குள் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். தை மாதம் வயல் சும்மா கிடப்பது போலத் தோன்றும், கிடப்பதில்லை. உளுந்து எடுத்தபிறகு சித்திரையில்தான் வயல் காலி. அப்போது இந்தக் களிமண் பாளம் பாளமாக வெடித்து, ஒரு கால் உள்ளே போகிற அளவுக்கு வாய் திறந்திருக்கும். ஒரு வருடம் என் பேச்சைக் கேட்காமல், இல்லை, உண்மையைச் சொன்னால் என் பேச்சைக் கேட்டுத்தான், வயலில் ஆடிய பையன் வெடிப்பில் காலை விட்டான். கணுக்கால் பிசகி இரண்டு மாதம் படுத்தான். அவன் அம்மா என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து மணல் கலந்த திடல் மட்டும்தான். ஆட்டத்துக்கு முன் எல்லாரும் வரிசையாக நடந்து நெருஞ்சி முள் பொறுக்குவது எங்களுக்கு உடல் சூடேற்றும் பயிற்சி.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரையேறியது. எங்கள் பக்கத்துத் தென்னைகள் விழுந்த விதத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஆறு மாதம் எனக்கு நிலையும் கதவும் கூரையுமாக ஓயாத வேலை. பாதிக்குக் கூலி கேட்க மனம் வரவில்லை. விழுந்த முதிர்ந்த தென்னைகளின் வெளி வைரத்தைப் பிளந்து வாரையாக்கியபோது, நல்ல நீளத்தில் சில மிஞ்சின. அவற்றில் திடலுக்கு கோல் கம்பம் செய்தேன். அதற்கு முன் எங்களுக்கு இரண்டு சைக்கிள்தான் கம்பம். முறையான கோல் 24 அடி அகலம், 8 அடி உயரம். எட்டடி எனக்கு ஒரு பொருட்டில்லை. 24 அடிக் குறுக்குச் சட்டம்தான் தண்ணீர் காட்டியது. இரண்டு வாரைகளை நடுவில் சரிவாக இழைத்து ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து, நாலு போல்ட் போட்டேன். மூலைமட்டமும் ரசமட்டமும் வைத்து, ஒரு நூல் பிசகாமல் நிறுத்தினேன். ஒரு நூல் என்றால் எங்கள் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஒரே வருடத்தில் நடுவில் ஒன்றரை அங்குலம் தொய்ந்துவிட்டது. நீளச் சட்டத்துக்கு முதலிலேயே மேல்நோக்கிக் கொஞ்சம் வளைவு கொடுக்க வேண்டும் என்பது கூரைக்குத் தெரிந்தவனுக்குக் கோலுக்குத் தெரியவில்லை. இப்போது இரும்புக் குழாய். கம்பத்தை மண்ணில் மூன்று அடி இறக்கிக் கான்கிரீட் போட்டிருக்கிறோம். பிள்ளைகள் தொங்குவார்கள், சாய்ந்தால் உயிருக்கே ஆபத்து. யாரும் கம்பம் செய்வதாக இருந்தால் இதை முதலில் செய்யுங்கள்.

மற்ற உலகக் கோப்பைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2006-இல் சொந்த நாட்டில் ஐந்து கோல், அதிக கோல் அடித்ததற்கான தங்கக் காலணி. அர்ஜென்டினாவுக்கு எதிரான காலிறுதியில் 80-ஆவது நிமிடத்தில் அவர் தலையால் சமன் செய்தபோது எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை, மறுநாள்தான் தெரிந்துகொண்டேன். 2010-இல் நான்கு கோலும் ஒரு சிவப்பு அட்டையும். 2014-இல் முப்பத்தாறு வயது. கானாவுக்கு எதிராக மாற்று வீரராக இறங்கி இரண்டே நிமிடத்தில் எட்டக் கம்பத்துக்குப் பக்கத்தில் காலை நீட்டிக் கோலாக்கினார். சந்தோஷத்தில் வழக்கமான குட்டிக்கரணத்தையும் அடித்து, சரியாக நிற்க முடியாமல் உட்கார்ந்தார். அதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் என் முட்டியும் சேர்ந்து வலித்தது.

பிறகு பெலோ ஹொரிசோன்டே நகரில் பிரேசிலோடு அரையிறுதி. நம் நேரப்படி ஜூலை 9 நள்ளிரவு ஒன்றரை மணிக்கு ஆட்டம். 23-ஆவது நிமிடம் க்ளோஸேயின் முதல் உதையை பிரேசில் கோல்கீப்பர் ஜூலியோ சீசர் தடுத்தார். பந்து திரும்பி வந்தது, திரும்பி வந்த இடத்தில் க்ளோஸே இருந்தார். உலகக் கோப்பைகளில் அவருடைய 16-ஆவது கோல், பிரேசிலின் ரொனால்டோ வைத்திருந்த 15-ஐத் தாண்டியது. பிரேசிலின் மண்ணிலேயே, பிரேசிலுக்கு எதிராகவே. அந்த ஆட்டத்தின் 7–1 என்ற கணக்கைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு அந்த இரண்டாவது உதைதான். முதல் உதை தடுக்கப்பட்டதும் தலையில் கைவைக்கிற ஸ்ட்ரைக்கருக்கு இரண்டாவது உதை கிடைக்காது. திடலில் எனக்கு ஒரே ஒரு தண்டனைதான் உண்டு. பந்து இன்னும் ஆட்டத்தில் இருக்கும்போது தலையில் கைவைத்தால் அன்றைய நெருஞ்சி முழுவதையும் அவரே பொறுக்க வேண்டும்.

ஜெர்மனிக்கு மொத்தம் 137 ஆட்டம், 71 கோல். அவருக்கு முன் சாதனையை வைத்திருந்த கெர்ட் முல்லர் 68 கோல்களை 62 ஆட்டங்களிலேயே அடித்துவிட்டார். ஆகவே மிகச்சிறந்தவர் யார் என்று கேட்டால் என் ஓட்டு முல்லருக்குத்தான். திடல் பிள்ளைகள் நம் இந்திய அணியின் சுனில் சேத்ரியைச் சொல்வார்கள், நியாயம்தான். 94 கோல்களோடு 2024 ஜூனில் விடைபெற்றவர் மறு வருடமே திரும்பி வந்தும் ஆடினார். முல்லரின் கால் பிறவியில் வருவது. க்ளோஸேயினுடையது உளியும் கொட்டாப்புளியும் கொண்டு செய்தது. எனக்குச் சொல்லித்தரத் தெரிந்தது இரண்டாவது வகை மட்டுமே.

2014 இறுதி ஆட்டத்தில், கோல் இல்லாமல் 88-ஆவது நிமிடம் ஆகும்போது அவரை வெளியே அழைத்தார்கள். உள்ளே வந்த கோட்ஸே கூடுதல் நேரத்தில் கோப்பையை வென்று கொடுத்தார். அடுத்த மாதமே க்ளோஸே தேசிய அணியிலிருந்து ஓய்வு அறிவித்தார். இரண்டு வருடம் இத்தாலியின் லாட்சியோ அணிக்கு ஆடிவிட்டுப் பயிற்சியாளர் ஆனார். நான் முப்பத்து நான்கில் நிறுத்தினேன், அதுவும் என் இடத்துக்குச் சின்னவன் ஒருவனை இறக்கியபோது பெஞ்சில் தண்ணீர் பாட்டிலை எட்டி உதைத்த கோபத்தோடு. இரண்டு வருடம் கழித்து க்ளோஸே வெளியே நடந்து வந்த விதத்தைப் பார்த்தபோது அந்தப் பாட்டில்தான் கண்முன் வந்தது.

இனி எழுதத் தயங்கிய விஷயம்.

2001-ஆம் வருடம் பொங்கலையொட்டி, மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு ஊரில் எழுவர் போட்டி. இறுதி ஆட்டம். பொழுது சாய்ந்துவிட்டது, வெளிச்சம் போதவில்லை. கார்னரிலிருந்து வந்த பந்து என் கையில் பட்டு உள்ளே போனது. எதிரணி கோல்கீப்பர், “கை! கை!” என்று கத்திக்கொண்டு ஓடினார். நடுவர் என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எங்கள் ஆட்கள் பக்கம் ஓடினேன். கோப்பையும் 3,001 ரூபாயும் வந்தன. கத்திய கோல்கீப்பரைக் கூட்டம் கேலி செய்தது. நானும் சிரித்தேன்.

2012 செப்டம்பரில் நேப்பிள்ஸ் நகரில் லாட்சியோவுக்கும் நாப்போலிக்கும் ஆட்டம். தொடங்கிய சில நிமிடங்களில் க்ளோஸே அடித்த கோலை நடுவர் கொடுத்துவிட்டார். எதிரணி வீரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். க்ளோஸே நடுவரிடம் போய், கையில் பட்டது என்று சொன்னார். கோல் ரத்தானது. லாட்சியோ 3–0 என்று தோற்றது. அதற்கு முன் 2005-இல் ப்ரேமன் அணிக்கு ஆடியபோதும், தனக்குக் கொடுத்த பெனால்டி தவறானது என்று நடுவரிடம் அவரே சொல்லியிருக்கிறார். இந்தச் செய்தியைப் படித்தபோது பட்டறையில் தனியாக இருந்தேன். நல்லவேளை.

கஜாவுக்குப் பிறகு, 2019-இல் ஒரு நாள், அந்த கோல்கீப்பர் என் பட்டறைக்கு வந்தார். புளிய மரம் விழுந்து அவர் வீட்டு முன்வாசல் நொறுங்கிவிட்டது. நிலையும் கதவும் வேண்டும். என்னை அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அளவெடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். டேப்பைச் சுருட்டியபடி சொன்னேன்: “அண்ணே, அந்தப் பொங்கல் கோல். பந்து என் கையில்தான் பட்டது.”

“தெரியும்” என்றார். “வலது கை. முழங்கைக்குக் கீழே. உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரியும்.” கொஞ்சம் நேரம் கழித்து, “அந்த 3,001-ஐக் கதவில் கழித்துக்கொள்ளுங்கள்” என்றார்.

“ஏழு பேர் பங்கு போட்டோம் அண்ணே. என் பங்குக்கு 428 ரூபாய்.”

“பதினெட்டு வருட வட்டி?”

கடைசியில் பித்தளைத் தாழ்ப்பாளும் நான்கு கீலும் என் கணக்கில் என்று முடிந்தது. பூவரசில் நிலை, வேம்பில் கதவு. மாட்டிய அன்று அவர் இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தார். குனிந்து படிப்பக்கம் பார்த்தார். “ஒரு நூல் உரசுகிறது” என்றார்.

உரசவில்லை. நான் இழைப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.